அழைப்பு ஒன்றுக்குத் தொண்ணூறு ராப்பன்

சனிக்கிழமை எங்கள் முறை.
பீல் நகரில், ஏரிக்குப் பின்தெருவில்,
நாலு மாடிக்கும் ஒன்றேயான சலவை அறை.
ஒன்பது மணிக்குத் திறப்பைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும்.
எட்டேகாலுக்கு
இந்த நாடு தன் பாட்டைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது.

ஆறு பாட்டு.
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
சூடான சட்டியைப் பிடிப்பதுபோல்
கிதாரை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி
தெசின் பையன் ஒருவன் இத்தாலியனில்.
ஆங்கிலத்தில் இரண்டு.
எல்லாரும் தேத்தண்ணி ஊற்றப் போகிற நேரத்தில்
பிளுரீனா என்றொரு பெண், ரொமான்ஷில்.

மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு நொடியும் ஆகாதாம்.
அந்த விதி எனக்குப் பிடித்தது.
பகல் முழுக்க உருப்பெருக்கிக்குக் கீழே
நொடிமுள்ளைப் பார்ப்பதுதான் என் வேலை:
துள்ளும்போது முள் நடுங்கினால் சிவப்புத் தட்டு,
நடுங்காவிட்டால் பச்சை.
பிளுரீனாவின் குரல் இரண்டாவது அடியில் நடுங்கியது.
சிவப்பு, என்றது கை.
கைக்கு மேலே எங்கோ, பச்சை.

துணி சுழன்று முடிந்திருக்கும். இறங்கினேன்.
படியில் மதாம் ஜானரே,
எங்கள் பெட்டைதான் வெல்லுவாள், பாருங்கள், என்றாள் பிரெஞ்சில்.
கீழே பிராவ் அமாக்கர்.
வடிகட்டியில் பஞ்சு கிடந்ததென்று போன மாதம்
மூன்று வரியில் எனக்குக் கடிதம் எழுதியவள்.
ஆங்கிலத்தில் பாடினால்தான் புள்ளி விழும், என்றாள்.
ஆசை வேறு, கணக்கு வேறு.

இருபத்தொரு வருடம்.
இங்கே வருடத்துக்கு நாலு தடவை சனங்களைக் கேட்பார்கள்:
மாட்டுக்குக் கொம்பு இருக்கலாமா,
மலைக்குள்ளே இன்னொரு சுரங்கம் குடையலாமா.
மற்றத் தபால்பெட்டிகளில் தடித்த உறை விழும்.
என்னுடையதில் மின்சார பில்.
கொம்பைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து இருந்தது.

இன்றைக்கோ திரையின் அடியில் ஒரு எண் ஓடியது.
கடவுச்சீட்டு கேட்கவில்லை.
அழைப்பு ஒன்றுக்குத் தொண்ணூறு ராப்பன்,
ஒரு தொலைபேசிக்கு ஐந்து.

ஜெர்மனில் குரலுக்கும் வாக்குக்கும் ஒரே சொல்.
மொழிப் பரீட்சையில் அதில் பிழைவிட்டிருக்கிறேன்.
தமிழுக்கு வந்தாலும் தப்ப முடியாது.
வாக்கு, பெட்டியில் போடுவது.
வாக்கு, வாயிலிருந்து வருவது.
கொடுத்துவிட்டால் காப்பாற்ற வேண்டியதும் அதுதான்.

ஐந்தும் பிளுரீனாவுக்கு.
ஒரு சொல் விளங்கவில்லை.
அந்த மொழிக்காரர் எல்லாரும்
ஒரு சின்னப் பட்டணத்துக்குள் அடங்கிவிடுவார்களாம்; அதற்காகவும் இல்லை.
நடுவில் ஓரிடத்தில் மூச்செடுக்க நின்றாள்.
ஒன்றரை நொடி. எண்ணினேன்.
ஒருவரும் கைதட்டத் துணியாத
ஒன்றரை நொடி.

ஐந்தாவது அழைப்பில் இயந்திரக் குரல் நன்றி சொன்னது,
முதலில் ஜெர்மனில், பிறகு பிரெஞ்சில்.
நானும் திருப்பிச் சொன்னேன்.
அம்மா, அது மெஷின், என்று
கவிஷன் சோபாவில் உருண்டான்.

ஆங்கிலப் பாட்டு வென்றது.
நாலு மொழியும் எழும்பி நின்று கைதட்டின.
பிளுரீனா ஐந்தாவது.
மேல்மாடியில் மதாம் ஜானரே கதிரையை இழுத்த சத்தம்.
அப்போதுதான் கையை விட்டேன், சட்டைப் பையில்
சலவை அறைத் திறப்பு.
மணி பத்தரை.
அமாக்கரின் கடிதம் இந்த முறை நாலு வரி.

மாதக் கடைசியில் தொலைபேசி பில் வந்தது.
இரண்டாம் பக்கம், கீழே:
வாக்களிப்பு, 5 × 0.90.
மடிக்காமல் மேசையில் வைத்தேன்,
குடியுரிமை விண்ணப்பத்துக்குப் பக்கத்தில்.
அதில் பதினாலாம் கேள்வி:
பொதுவாழ்வில் நீங்கள் எவ்வாறு பங்கெடுத்திருக்கிறீர்கள்?
பதிலுக்கு மூன்று கோடு விட்டிருந்தார்கள்.
பென்சிலால் எழுதிப் பார்த்தேன்:
வாக்களித்திருக்கிறேன்.
தோற்றிருக்கிறேன்.