பின்மண்டை

சத்துவாச்சாரி, மருந்துக்கடை மாடி.
பின்மண்டையில் ஒரு ரூபாய் அகலம் மழித்து
லென்ஸை ஒற்றினார் டாக்டர் ஜெசிந்தா.
திரையில் என் தோல்.
குழிக்கு ஒரு முடி, சிலதில் இரண்டு,
மூன்று அபூர்வம்.

ராணிப்பேட்டையில் பதினெட்டு வருஷமாக
சுண்ணாம்பில் மயிர் கழன்ற ஆட்டுத்தோலை
வெளிச்சத்துக்கு விரித்து
முதல் தரம், மூன்றாம் தரம், கழிவு என்று
சாக்பீஸால் எழுதுகிறவன் நான்.
நிமிஷத்துக்கு நாலு தோல்.

"முடி மெலிசு. ரெண்டாயிரம் வேர் எடுக்கலாம்.
அதுக்கு மேல போனா
பின்னாடி பொட்டலாயிடும்."
நெற்றிக்குப் போதுமாம்,
உச்சிக்கு வராதாம்.

எத்தனாவது தரம் என்று கேட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
முன்சீட்டுக்காரனின் பிடரியை
எண்ணிக்கொண்டே வந்தேன்.
வாலாஜாவில் அவன் இறங்கிவிட்டான்,
பாதி எண்ணிக்கையில்.