இரவல் கால்கள்

இருநூற்றுப் பதினொன்றாம் கம்பத்தடியில் விழித்தேன்.
யாரோ போர்த்திவிட்ட போர்வையில் டீசல் வாசனை.
செருப்பைக் காணோம்.
கூடார வாசலில் ஒருவன்
அறுந்த வாரைத் தைத்து முடித்து
நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.
காசை நீட்டினேன்.
ஏசிவிட்டதைப்போல் முகம் சுருங்கினான்.

நஜஃபிலிருந்து கர்பலாவுக்கு
ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு விளக்குக் கம்பங்கள்.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐம்பது மீட்டர்.
இந்தக் கணக்கு எனக்கல்ல,
மால்மோவில் ஒரு கிடங்கில்
இரவுப் பணி பார்க்கும் ஹாதிமுக்கு.
நேர்ந்துகொண்டவன் அவன், நடப்பவள் நான்.
ரப்பர் படகில் தண்ணீர் ஏறியபோது வாக்குக் கொடுத்தானாம்,
கரை சேர்ந்தால் நடந்தே வருகிறேன் என்று.
கரை சேர்ந்தான். காகிதம் வந்து சேரவில்லை.
"உன் காலைக் கொஞ்சம் கொடேன், இந்திஸார்" என்றான்,
கடைக்குப் போய்வர சைக்கிள் கேட்பவன் மாதிரி.

முந்நூற்று நாற்பது.
வெயில் ஏறுமுன் கூட்டம் ஏறிவிட்டது.
கறுப்புத் துணி, கறுப்புக் கொடி,
தள்ளுவண்டியில் உறங்கும் இரட்டைப் பிள்ளைகள்.
பூச்சிமருந்துத் தெளிப்பானில் பன்னீர் நிரப்பி
வருகிறவர் முகத்திலெல்லாம் அடிக்கிறான் ஒருவன்,
பயிர் பிழைக்கட்டும் என்பதுபோல.

இடது குதிகாலில் கொப்புளம்.
ஹாதிமே, இதை உன் பற்றில் எழுதிக்கொள்.

நானூற்றுச் சொச்சத்தில் எண்ண மறந்தேன்.
எதையும் நினைக்கவில்லை.
முன்னே போகிறவளின் கணுக்கால் மட்டும்
ஏறியது, இறங்கியது.

ஐந்நூற்றுத் தொண்ணூறில் கைபேசி அதிர்ந்தது.
"எத்தனை?"
அவன் தூங்க வேண்டிய நேரம்.

அறுநூற்றுப் பன்னிரண்டில் மறித்தார்கள்.
இடப்பக்கம் ஷனாவா, வலப்பக்கம் ஃபாலிஹ்.
அண்ணன் தம்பி, மூக்கே சொல்லியது.
"என் வீட்டில் துணி துவைக்கும் எந்திரம் இருக்கிறது, தங்கச்சி."
"என் வீட்டில் ஏசி இருக்கிறது."
இருவரும் என்னிடம்தான் சொன்னார்கள்,
அடுத்தவர் நிற்கும் இடத்தில்
வெறும் காற்று நிற்பதாக.
ஒரு வாய்க்கால் மடைக்காக
ஒன்பது வருடமாய்ப் பேச்சில்லை
என்று பின்னால் வந்தவள் காதைக் கடித்தாள்.
விருந்தாளி வாய்க்காத வாசல் என்ற பெயர்
இந்த நாட்களில் யாருக்கும் வேண்டாம்.
எந்தப் பக்கம் திரும்பினாலும்
ஒரு முதுகைக் காட்டியாக வேண்டும்.

ஷனாவாவிடம் தேநீர் வாங்கினேன்,
இடை சிறுத்த கண்ணாடிக் குவளை,
அடியில் விரல் கனத்துக்குக் கரையாத சர்க்கரை.
ஃபாலிஹிடம் ரொட்டி,
அடுப்புச் சுவரிலிருந்து அப்போதுதான் உரித்தது.
சாலை நடுவில் நின்று
இதை அதில் தோய்த்துத் தின்றேன்.
கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது.
சமாதானம் ஒன்றும் ஆகவில்லை.
குவளையைத் திருப்பித் தரும்போதுதான்
ஷனாவா தரையைப் பார்த்துக் கேட்டார்:
"உப்பு சரியாக இருந்ததா?
அவன் எப்போதும் கூடப் போடுவான்."

எழுநூற்று நான்கு. இருட்டிவிட்டது.
பெண்கள் கூடாரத்தில் பெயர் சொல்லாத ஒருத்தி
என் பாதத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.
கூசியது.
"இது என்னுடையதில்லை, இரவல்" என்றேன்.
"யாருடையதானால் என்ன,
வீங்கியிருக்கிறதே" என்று எண்ணெய் தேய்த்தாள்.

ஹாதிம் கூப்பிட்டான். எண்ணைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
அவனுக்குப் பின்னால்
சரக்கு வண்டி பின்வாங்கும் ஒலி மட்டும்.
பிறகு, "எந்தக் கால்?" என்றான்.
"இடது."
"சரி" என்றான்,
விடியும்வரை எந்தக் காலால் நொண்டுவது என்று
தெரிந்துகொண்டவன்போல.