பின்கதவின் மொழி

ஜப்பானில் யாரோ ஒரு கிழவரைச் சுமந்து ஓய்ந்து
கப்பலேறி வந்த வேன்.
உலான்பாத்தர் சந்தையில் நின்றபோது
அதன் கண்ணாடியில் இன்னும்
ஏதோ ஆஸ்பத்திரியின் வில்லை.

பொத்தானை அழுத்தினால்
பின்பக்கம் பெருமூச்சு விட்டு
ஒட்டகம்போல் தாழும்.
கதவு உயரும், சாய்தளம் நீளும்.
ஒரு பெண்குரல் பதவிசாக
எதையோ சொல்லும்.

"நல்ல வண்டி, துலாம்சுரேன்" என்றான் கோம்போஜாவ்.
"யார் ஓட்டுவது? உன் தம்பியா?"
"நான்."
சிகரெட்டை அணைத்தான்.
அளவுநாடாவை உருவி
என் கையை அளந்தான்,
தோளிலிருந்து மணிக்கட்டுவரை,
இரண்டு தடவை.

பதினோரு நாள் பட்டறையில்.
பிடுங்கிப்போட்ட டிரைவர் சீட்டு
இப்போது அவன் வாசலில்
நாய்க்குச் சிம்மாசனம்.
தரையை அறுத்து நான்கு விரற்கடை தாழ்த்தினான்.
பழைய பைக்கின் கைப்பிடியை வெட்டி
பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் ஒரே நெம்புகோல்:
தள்ளினால் நிற்கும், இழுத்தால் போகும்.
என் சக்கரங்களைக் கவ்வ நான்கு கொக்கி.
ஒன்று கோணல்.
"ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றான்.
ஆகவில்லை.

"அந்தப் பொம்பளைக் குரலை வெட்டிவிடவா?"
"என்ன சொல்கிறாள்?"
"யாருக்குத் தெரியும்?"
இருக்கட்டும் என்றேன்.

ஜனவரி, மைனஸ் முப்பத்துநாலு.
வேலைக்குக் கிளம்பும்போது
குரல் வந்தது, சாய்தளம் வரவில்லை.
மறுபடி அழுத்தினேன். மறுபடி குரல்.
பக்கத்துக் கூடாரத்திலிருந்து
வெந்நீர்க் கெட்டிலோடு மூன்று பையன்கள்.
ஊற்றிய நீர் இரும்பைத் தொட்ட நொடியில்
கண்ணாடியாயிற்று.
யாரோ அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவ,
பாதி நீண்ட தகட்டில்
கரியும் பனியுமாக ஏறினேன்,
எத்தனை கைகள் முதுகைத் தள்ளினவோ.

ஒசாகாவில் மீன்பெட்டி அடுக்கிவிட்டுத் திரும்பிய
நரன்கெரெல் தகட்டை உள்ளே உதைத்துவிட்டுச் சிரித்தாள்.
"இவ்வளவு நேரம் அது என்ன கத்துகிறது தெரியுமா?
சாய்தளம் வருகிறது,
தயவுசெய்து விலகி நில்லுங்கள்."

பதின்மூன்று வருஷமாக
பஸ் வாசலில், வங்கிப் படியடியில்
விலகச் சொன்னதெல்லாம் என்னைத்தான்.
எனக்காக ஊரை விலகச் சொல்லி,
அதிலும் ஒரு தயவுசெய்து போட்டு…

கொக்கிகளைப் பூட்டிக்கொண்டு
தேவையே இல்லாமல்
இன்னொரு தடவை அழுத்தினேன்.

பையன்கள் கெட்டிலோடு விலகி நின்றார்கள்.

நெம்புகோலை இழுத்தேன்.
கோணல் கொக்கி கிறீச்சிட்டது.