ஒப்பீடு

பனி ஒட்டிய கோட்டுடனே
இசைத்தட்டில் முள்ளை வைக்கிறார் தோர்கில்.
ஓர்ஹுஸ் அரங்கில் கேட்ட செல்லோ
காதிலிருந்து வடிவதற்குள்
ஒத்துப் பார்த்துவிட வேண்டுமாம்.

கார் விலைக்கு வாங்கிய ஒலிபெருக்கிகளைச்
சுவரிலிருந்து மூன்று விரற்கடை நகர்த்துகிறார்.
வில் உரசுவது கேட்கிறது.
வாசிப்பவள் மூக்கால் மூச்சிழுப்பதும்.
“இவ்வளவு தெளிவு அங்கேகூட இல்லை” என்கிறார்,
புகார் சொல்வதுபோல்.

ஒலிபெருக்கியின் காலடியில்
நாய் தூங்குகிறது.

பதினொன்றரைக்கு,
இரண்டு கதவுகளுக்கும் ஒரு படிக்கட்டுக்கும் அப்பால்
மூன்றாம் மாடி ரிக்கே
வயோலாப் பெட்டியைத் திறந்து
ஒற்றைத் தந்தியைச் சுதி சேர்க்கிறாள்,
அதுவும் சற்றே இறங்கி.

நாய் தலை தூக்குகிறது.
தோர்கில் நாயைப் பார்க்கிறார்.

நான் எதையும் பார்க்காதவள் மாதிரி
சொட்டும் கோட்டை
வாங்கி மாட்டுகிறேன்.