சொதி இல்லாத சனிக்கிழமை

மூன்று சனிக்கிழமையாக
இந்த மனுஷன் ராத்திரி சாப்பிடவில்லை.
முதல் வாரம் வயிறு மந்தம்.
அடுத்த வாரம் ஆபீசில் யாரோ வடை வாங்கித் தந்தார்களாம்.
மூன்றாம் வாரம் காரணமே இல்லை,
தட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனார்.

சர்க்கரையோ என்று பார்த்தேன். கோபமோ என்று பார்த்தேன்.
வேறெங்கும் கை நனைக்கிறாரோ என்றுகூட.
அம்பாசமுத்திரம் மின்வாரியத்தில்
கணக்கெழுதும் பிரம்மநாயகத்துக்கு
இன்னொரு வீட்டில் இலை போட யார் இருக்கிறார்கள்,
நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.
ஆனாலும் மூன்று ராத்திரியும்
முதுகைக் காட்டித்தான் படுத்தேன்.

ஸ்கூட்டர் டிக்கியில், இன்சூரன்ஸ் தாளுக்கு அடியில்,
ஒரு மாத்திரை அட்டை.
வண்ணார்பேட்டை பில். முப்பத்தைந்து கிலோமீட்டர்.
இங்கே மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பது
என் சித்தி மகன் அல்லவா.
பில்லின் பின்னால் அவருடைய கணக்கெழுத்து:
வெறும் வயிறு. ஒரு மணி முன்.
தேங்காய், எண்ணெய் – லேட்.

பத்தில் நாலு கூடு காலி.
மூன்று சனிக்கிழமைக்கு மூன்று.
நாலாவது?

வைகாசியில் மகளுக்கு மறுவீடு.
ஆறு தேங்காய் துருவி, முதல் பால் தனி, இரண்டாம் பால் தனி,
பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டுச் சொதி,
தொட்டுக்க இஞ்சிப் பச்சடி.
நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.
சாயங்காலம் பிள்ளை வண்டியேறிப் போனாள்.
இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக
வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.
பத்து மணிக்கு என் பக்கம் திரும்பினார்,
கொஞ்ச நேரத்தில் சுவர்ப் பக்கம்.
"தூங்குதியா?"
"இல்ல."
"தூங்கு."

விடியுமுன் ஆற்றுக்குப் போனவர்
என் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தார்.
தன்னிடம்தான் குறை என்று நினைத்திருக்கிறார்.
மாத்திரையோ
பந்தி நிறைந்த மண்டபத்தில் இடம் கிடைக்காத விருந்தாளியாக
தேங்காய்ப்பாலுக்குப் பின்னால் நின்றிருக்கிறது,
எல்லோரும் கை கழுவும்வரை.

நாலாம் சனிக்கிழமை
ஐந்து மணிக்கு இரண்டு இட்லி கொடுத்து
அடுக்களை விளக்கை அணைத்துவிட்டேன்.
"ராத்திரிக்கு என்னட்டி?"
"ஒண்ணுமில்ல."
உப்புக் கிண்ணம் இருக்கிற இடத்தில்
தண்ணீரும் அட்டையும் வைத்தேன்.
அவர் காது மடல் சிவந்தது.
"ஒனக்கு யாரு சொன்னா?"
"சொதி சொல்லிச்சு.
டாக்டர்ட்ட காட்டினேளா, நெஞ்சுக்கு ஒண்ணும் பண்ணாதா?"
"ஈ.சி.ஜி. எடுத்து, மாடி ஏறச் சொல்லித்தான் குடுத்தாரு."
"அப்பச் சரி. மணி எட்டரை."

எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை
என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
டிவி போட்டால் மாமியாரும் மருமகளும் கத்துகிறார்கள்.
கடைசியில் மொய் நோட்டை எடுத்தோம்.
அவர் வாசிக்க நான் கூட்டினேன்.
சேரன்மகாதேவி ஆவுடைநாயகம் ஐநூறு.
கடையம் உலகநாதன் குடும்பம், குத்துவிளக்கு ஒன்று.
வீரவநல்லூர் பெரியம்மை வகையறா இருநூற்றொன்று,
"ஏழு பேரா வந்தாளுவ, இருநூத்தியொண்ணா!"
கூட்டல் நூற்றொன்று இடித்தது.
திரும்பக் கூட்டினோம். திரும்பவும் நூற்றொன்று.
பென்சிலைப் பிடுங்க வந்த கை
பென்சிலை விட்டுவிட்டது.

மிச்சத்தை எழுத மாட்டேன்.
முழுசா பாதியா என்று கேட்க
உங்களுக்குப் பாத்தியதை இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு
பயங்கரமாகப் பசித்தது.
மத்தியானமே வைத்து, ஃப்ரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால்
ஒளித்திருந்த தூக்குவாளியை எடுத்துச் சுட வைத்தேன்.
மூடியைத் திறந்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வை
பெண் பார்க்க வந்த அன்றுகூட இல்லை.
"இப்பத் தின்னலாம்" என்றேன்.
நாலு தடவை வாங்கினார்.

நூற்றொரு ரூபாய் இன்னும் இடிக்கிறது.
அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.