நெஞ்சுக்குழி

குன்சான் துறைமுகத்துக்குப் பின்தெரு,
இரண்டாம் மாடி, நாற்பத்தொரு கணினி.
ராம்யோன் கிண்ணத்தோடு நான் கடக்கும்போதெல்லாம்
பதினேழாம் இருக்கையிலிருந்து அந்தச் சொல் வரும்:
"மியோங்ச்சி!"

நெஞ்சுக்குழி.
வேறு நாட்டுக்காரர்கள் முகத்தில் அடி என்கிறார்களாம்.
எங்களுக்கு முகம் போதாது.
விலா இரண்டும் பிரியும் இடத்தில்
மூச்சு குடியிருக்கும் பள்ளத்தில்தான் குத்து.

நம்குங் ஹ்வீயோங். பார்சல் கிடங்கில் இரவு வேலை.
இடைவேளை நாற்பது நிமிடம்,
நடந்து போக வரப் பதினொன்று.
எதிராளி காவல் நிறுத்துகிறான், சுவர் எழுப்புகிறான்,
மருந்து குடிக்கிறான்,
பத்தாம் சுற்றுக்கென்று ஒரு டிராகனை வளர்க்கிறான்.
இவன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.
மலிவுச் சீட்டுகள். பன்றி, நாய், தீப்பந்தம்.
எல்லாம் நேரே குழிக்கு.

"மூளையே வேண்டாத ஆட்டம்" என்றேன் ஒருநாள்,
முட்டையை உடைத்து ஊற்றியபடி.
திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்:
"டிராகன் என்ன விலை தெரியுமா அக்கா?
அது வரும்வரை உட்கார்ந்திருக்க
எனக்கு யார் சம்பளம் தருவார்கள்?"

இன்று எதிராளிக்கு உயிர் இரண்டு.
இவன் கை காலி.
வேகமாக ஓடியவனுக்கு வரும் வறட்சி:
எல்லாம் வீசியாயிற்று, சுவர் நிற்கிறது.
பக்கத்துப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.
"கில்காக் இருக்கா?"
கொல்லும் கோணம்.
கதவுக்கு அளவெடுக்கும் தச்சன் மாதிரிதான் கேட்பார்கள்.

எதிராளிக்குப் புரிந்துவிட்டது போல.
எதையும் ஆடவில்லை.
திரை நடுவே கயிறு பற்றிக்கொண்டது,
முழுக் கயிறும் எரியட்டும் என்று விட்டான்.
அடுத்த சுற்றிலும் கயிறு. அதற்கடுத்ததிலும்.
அவனிடம் இரவு முழுவதும் இருந்தது.

ஹ்வீயோங் மணி பார்த்தான்.
சட்டையை மாட்டினான்.
"தீ வந்தால் குழியில் போடுங்க" என்று
படியில் இறங்கும் சத்தம்.

உட்கார்ந்தேன். நாற்காலி இன்னும் சூடு.
கயிறு எரிந்து முடிந்தது.
சீட்டு தானாகப் புரண்டது: தீ.

சுவருக்கு மேலாக இழுத்து விட்டேன்.
எதிரில் யாரோ ஒருவன்
ஜெர்மனியிலோ, அடுத்த தெருவிலோ
துண்டு துண்டாக உடைந்தான்.
"நல்ல ஆட்டம்" என்று எழுத்து வந்தது.
பதில் சொல்ல நான் ஆளில்லை.

அவன் தொடாத ராம்யோன் ஊறிப் பருத்துக் கிடந்தது.
நின்றபடியே தின்றேன்.
நாலாயிரத்து ஐந்நூறு வோன்.
யார் பேரில் எழுதுவது என்று
கல்லாவில் இன்னும் பேனாவோடு இருக்கிறேன்.