அத்திப்பள்ளி தாண்டி

சோதனைச்சாவடியில் பில்லைப் பார்த்தார்கள்
தார்ப்பாயைத் தூக்கி எண்ணினார்கள்
இருநூற்று நாற்பது தென்னங்கன்று, குட்டை ரகம்.
இலையைத் திருப்பிப் பார்க்க
அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை
எனக்கும்.

பொள்ளாச்சியில் ஏற்றி
சர்ஜாபூர், தொம்மசந்திரா, முகளூர் என்று
தென்பெண்ணை ஓரமாகவே இறக்கினேன்
மூன்று வருஷம், வாரம் ஒரு லோடு.

இன்று முகளூர்ப் பாலத்தருகே
முனிலட்சுமம்மா வீட்டுக் கொடியில்
வேட்டி காய்வதற்குள் பிசுபிசுக்கிறது.
தென்னையடிக் கொய்யா, தொட்டி மூடி,
நிறுத்திவைத்த பைக்கின் சீட்,
படுத்தே கிடக்கும் நாயின் முதுகு கூட
ராத்திரி யாரோ லாந்தர் கரியைத்
தடவிப் போன மாதிரி.
"வெள்ளை ஈ" என்றாராம் விவசாய ஆபீசர்,
"காற்றில் வருவது."

தாழ்ந்த மட்டையொன்றை வளைத்து
அடிப்பக்கம் காட்டினாள்.
மெழுகுப் பொடியில் முட்டைகள்
சுழன்று சுழன்று உள்ளே போகும் கோடு
எங்கோ பார்த்த சுழி.
டெலிவரிச் சீட்டில்
நான் மை ஒற்றி வைக்கும் பெருவிரல்.

மருந்தடித்தால் அதைத் தின்னும் குளவி சாகுமாம்
தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொல்கிறார்கள்.
ஆற்றில் வருவது நுரை.

"எந்தப் பக்கத்துக் காற்று, டிரைவரே?"
தெற்கு, என்றேன்.
கிளீனர் சின்னராசு
டயரைப் பார்க்கக் குனிந்துகொண்டான்.

வண்டியில் இன்னும் அறுபது கன்று.
மாலைக்குள் பணம் தருவதாக
அடுத்த லேஅவுட்டிலிருந்து இரண்டு தடவை போன்.
எஞ்சினை நான் அணைக்கவில்லை
கியரும் போடவில்லை.